ஹெவனில் ஒருவர், எண்பது அடி: ஐவர் ஆட்டத்தில் மைக்கைப் பயன்படுத்தும் முறை

ஐவருக்கு ஐவர் மோதும் துப்பாக்கி விளையாட்டுகளில் புதிதாகச் சேர்பவர்கள் குறிபார்க்கும் பயிற்சிக்கு மணிக்கணக்கில் நேரம் ஒதுக்குகிறார்கள்; மைக்கில் எதை, எப்போது, எவ்வளவு பேசுவது என்று கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. இதனால் சிலர் ஆட்டம் முடியும்வரை வாயே திறப்பதில்லை. வேறு சிலர் மூச்சுவிடாமல் பேசி, உடனிருக்கும் நால்வரின் காதிலும் எதிரியின் காலடி ஓசை விழாதபடி செய்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை இரு சாராருக்கும் உரியது. எடுத்துக்காட்டுகளை 2020 ஜூனில் ரயட் கேம்ஸ் வெளியிட்ட வாலரண்டிலிருந்து தருகிறேன். எண்களையும் இடப்பெயர்களையும் மாற்றிக்கொண்டால் கவுன்டர் ஸ்டிரைக் ஆடுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரவுண்டு 100 வினாடி. தாக்கும் அணி ஸ்பைக் என்னும் வெடிப்பொருளை ஏ சைட், பி சைட் என்று எழுத்தால் குறிக்கப்படும் குறிப்பிட்ட இடங்களில் ஒன்றில் நட வேண்டும். நட்ட 45 வினாடியில் அது வெடிக்கும். காக்கும் அணி அதைச் செயலிழக்கச் செய்ய 7 வினாடி தேவை. முதலில் 13 ரவுண்டு வெல்லும் அணிக்கு வெற்றி, 12க்கு 12 என்று சமநிலை வந்தால் மட்டும் ஆட்டம் நீளும். கூட்டாளியின் கண்ணில் படும் எதிரி எல்லோருடைய சிறு வரைபடத்திலும் சிவப்புக் குறியாகத் தோன்றுவதால், வாய்திறந்து சொல்ல என்ன இருக்கிறது என்று தொடக்கத்தில் தோன்றலாம். அந்தக் குறி சற்று நேரத்தில் மறைந்துவிடும் என்பதோடு, காதில் மட்டும் விழுந்த காலடியையோ, எதிரிக்கு மிஞ்சியிருக்கும் உயிர் அளவையோ, நீங்கள் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையோ அது காட்டாது. வரைபடம் காட்டாத இவற்றைச் சொல்வதற்குத்தான் மைக் இருக்கிறது.

முதலில் கருவி

விலை உயர்ந்த ஹெட்செட் வேண்டியதில்லை. கைப்பேசியோடு வரும் கம்பியுள்ள இயர்போனே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் மேசைக் கணினிகள் பலவற்றில் ஒலிக்குப் பச்சைத் துளையும் மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளையும் தனித்தனியாக இருப்பதால், ஒற்றை முனை கொண்ட இயர்போனை அப்படியே செருகினால் பாட்டுக் கேட்கும், பேச்சுப் போகாது. இதற்கென்றே ஒய் வடிவில் சிறிய ஸ்பிளிட்டர் கம்பி கடைகளில் கிடைக்கிறது. ப்ளூடூத் ஹெட்செட்டை நான் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகள், அவற்றின் மைக்கை இயக்கிய உடனே தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடுகின்றன. அப்போது ஒலியின் தரம் சரிவதோடு, காலடி இடப்பக்கம் கேட்கிறதா வலப்பக்கம் கேட்கிறதா என்று பிரித்தறியும் வசதியும் போய்விடுகிறது. ஓசையை வைத்தே பாதி முடிவுகளை எடுக்க வேண்டிய விளையாட்டில் இது பெரிய இழப்பு.

அமைப்புப் பகுதியில் ஒலி என்ற பிரிவுக்குள் குரல் உரையாடலுக்கான பக்கம் இருக்கிறது. சரியான மைக்கும் ஹெட்போனும் தேர்வாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, உங்கள் குரலை உங்களுக்கே திருப்பிக் கேட்கவைக்கும் லூப்பேக் சோதனையை ஒருமுறை இயக்குங்கள். கூட்டாளிகள் பேசும் ஒலியளவைத் துப்பாக்கி ஓசைக்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்வது நல்லது. மைக் தானாகத் திறக்கும் முறையை விட்டுவிட்டு, விசையை அழுத்தினால் மட்டும் பேசும் புஷ் டு டாக் முறையைத் தேர்ந்தெடுங்கள். முதல் மாதம் முழுக்க என் மைக் திறந்தே கிடந்ததால், மின்விசிறியின் இரைச்சலும் அம்மா வைத்த குக்கரின் விசிலும் நான்கு அந்நியர்களின் காதுக்குப் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது விசிலில் ஒருவர், "சாப்பாடு ரெடியா ப்ரோ?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

குரலுக்கு இரண்டு விசைகள் உண்டு என்பதையும் கவனியுங்கள். விளையாட்டில் முன்பே அமைந்திருக்கும்படி வி விசை அணியிலுள்ள ஐவருக்கும் கேட்கும். யு விசை உங்களோடு சேர்ந்து வந்த நண்பர்களுக்கு மட்டும் கேட்கும். நண்பர்கள் மூவர் டிஸ்கார்ட் என்னும் உரையாடல் செயலியில் தனியாகப் பேசிக்கொண்டு ஆடினால், மீதமுள்ள இருவருக்கும் அந்த அணி ஊமை அணிதான். செய்தி எதுவாயினும் அது ஐவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால், டிஸ்கார்டை அரட்டைக்கு வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குள் வி விசையையே பயன்படுத்துங்கள்.

இடங்களின் பெயர்

"இங்கே இருக்கிறான்" என்பது புதியவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். சொல்பவருக்கு மட்டுமே அதன் பொருள் தெரியும். ஒவ்வொரு வரைபடத்திலும், அதாவது ஆடுகளத்திலும், ஒவ்வொரு மூலைக்கும் பெயர் இருக்கிறது. அவற்றைக் கற்காமல் மைக்கைத் திறந்து பயனில்லை. வரைபட அமைப்பில் பகுதிப் பெயர்களை எப்போதும் காட்டும்படி மாற்றிவிட்டு, தனிப்பயன் ஆட்டம் ஒன்றைத் திறந்து, எதிரியே இல்லாத வரைபடத்தில் தனியாக நடந்து பாருங்கள். நடக்கும்போது நிற்கும் இடத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் நன்றாக மனத்தில் பதியும்.

ஒரே சிக்கல், விளையாட்டு எழுதிக்காட்டும் பெயரும் ஆட்டக்காரர்கள் சொல்லும் பெயரும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பது. அசென்ட் வரைபடத்தில் ஏ சைட்டுக்கு மேலே உள்ள மேடையை விளையாட்டு ராஃப்டர்ஸ் என்று குறிக்கும். ஆடுபவர்கள் ஹெவன் என்பார்கள். பைண்ட் வரைபடத்தில் பாத் என்று எழுதியிருக்கும் இடத்தை எல்லோரும் ஷவர்ஸ் என்றும், பி சைட்டின் ஜன்னல் அறையை ஹூக்கா என்றும் சொல்வார்கள். உயரமான மேடை எந்த வரைபடத்திலும் பெரும்பாலும் ஹெவன்தான், அதற்கு நேர் கீழே இருப்பது ஹெல். எல்லா வரைபடங்களையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். அசென்டில் ஏ மெயின், ஹெவன், ட்ரீ, கேட்வாக், மார்க்கெட், பி மெயின் ஆகிய ஆறு பெயர்கள் தெரிந்தாலே ஓர் ஆட்டத்தில் சொல்ல வேண்டியதில் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடலாம்.

பேட்டில் கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா போன்ற பெரிய திறந்த வரைபடங்களில் இந்த முறை செல்லாது. அங்கே மரத்துக்கும் பாறைக்கும் பெயர் இல்லாததால், திரையின் மேலே ஓடும் திசைகாட்டியின் பாகை எண்ணைச் சொல்வதே வழக்கம்.

எதைச் சொல்வது

கூட்டாளிகளுக்கு மைக்கில் சொல்லும் குறுஞ்செய்தியைக் கால்அவுட் என்பார்கள். ஒரு நல்ல கால்அவுட்டில் எத்தனை பேர், எங்கே, என்ன நிலை என்னும் மூன்றும் இருக்கும். "ஹெவன்ல ஒருத்தர், ஜெட், எண்பது அடி." ஜெட் என்பது எதிரி ஆடும் ஏஜென்ட்டின், அதாவது கதாபாத்திரத்தின், பெயர்; எண்பது அடி என்பது அவர் உயிர் அளவில் நீங்கள் சுட்டுக் குறைத்த 80. இவ்வளவையும் சொல்ல இரண்டு வினாடிகூட ஆகாது. இதையே புதியவர் ஒருவர், "ஐயோ, மேல இருந்து அடிச்சிட்டான், நான் பாக்கவே இல்ல, அவன் செம லோ, யாராச்சும் போங்க" என்று சொல்லும்போது, கேட்பவருக்கு இடமும் கிடைப்பதில்லை, அளவும் கிடைப்பதில்லை. அதைவிட, அந்த ஐந்து வினாடியும் அவர் காது அடைபட்டுக் கிடக்கிறது.

எண்ணை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதை விளக்க வேண்டும். முழுக் கவசம் அணிந்த எதிரியின் மொத்த உயிர் அளவு 150. வேண்டல் துப்பாக்கியின் குண்டு உடலில் பட்டால் 40 குறையும். இரண்டு குண்டு உடலில் பட்ட எதிரிக்கு மிஞ்சியிருப்பது 70. இப்போது உங்கள் கூட்டாளியின் கையில் 500 கிரெடிட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) விலையுள்ள கோஸ்ட் கைத்துப்பாக்கி மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் குண்டு அதிகத் தொலைவில்லாத எதிரியின் தலையில் பட்டால் 105 குறையும். முழு உயிரோடு இருக்கும் எதிரி அதைத் தாங்கி நின்று திருப்பிச் சுடுவார். 70 மட்டும் மிஞ்சியவர் அந்த ஒரே குண்டில் விழுவார். "எண்பது" என்று கேட்ட கூட்டாளி துணிந்து எதிர்கொள்ளலாம், கேட்காதவர் பின்வாங்குவார். "லோ" என்ற சொல்லில் இந்தக் கணக்குக்கு இடமில்லை. 30 மிஞ்சியவரும் லோ, 110 மிஞ்சியவரும் லோ என்று ஆகிவிடும். நீங்கள் விழுந்த உடனே எத்தனை அடி கொடுத்தீர்கள் என்பது திரையிலேயே வரும். ஊகித்துச் சொல்லாமல் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

செய்தி விரைவில் கெட்டுப்போகும் பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். மார்க்கெட்டில் ஒருவரைப் பத்து வினாடிக்கு முன் பார்த்திருந்தால், "மார்க்கெட்ல இருந்தார், இப்ப தெரியல" என்று சொல்ல வேண்டும். "மார்க்கெட்ல ஒருத்தர்" என்று மட்டும் சொன்னால் கூட்டாளி அந்த வாசலையே குறிவைத்துக் காத்திருப்பார். எதிரி வேறு வழியாகச் சுற்றி வந்து முதுகில் சுடுவார். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மனத்தால் ஊகித்ததையும் பிரித்துச் சொல்வது இந்தக் கலையின் கடினமான பகுதி என்பது என் கருத்து. "பி மெயின்ல சத்தம், ரெண்டு பேர் மாதிரி இருக்கு" என்பது நேர்மையான செய்தி. அதை "பி வர்றாங்க, எல்லாரும் வாங்க" என்று மாற்றினால், இரண்டு பேர் போக்குக்காட்ட எழுப்பிய ஓசைக்காக ஏ சைட்டைக் காலி செய்ததாகிவிடும். பல ரவுண்டுகள் இப்படித்தான் கைவிட்டுப் போகின்றன.

எதிரியைப் பற்றிய செய்தி பாதிதான். நீங்கள் செய்யப்போவதைச் சொல்வது மறுபாதி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபிளாஷ் என்னும் ஒளி வீச்சு எதிரியின் கண்ணை மட்டுமல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளியின் கண்ணையும் பறிக்கும். எனவே எறிவதற்கு முன், "ஃபிளாஷ் போடுறேன், ஏ மெயின், மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணுங்கள். கூட்டாளி திரும்பிக்கொள்வார், வெடித்த மறுகணம் எதிரி குருடாக இருக்கும்போதே உள்ளே நுழைவார். எண்ணாமல் எறிந்த ஃபிளாஷால் சொந்த அணிக்கே சேதம். முதலில் நுழைபவர், "நான் போறேன், பின்னாடியே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவதும் இதே காரணத்துக்காகத்தான்: அவர் விழுந்தாலும், அவரைச் சுட்டவர் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவதால், ஒட்டி வருபவர் உடனே அவரை வீழ்த்தி நால்வருக்கு நால்வர் என்று சமன்செய்வார். இதை ட்ரேட் என்பார்கள். பின்னால் வருபவர் மூன்று வினாடி தாமதித்தால் ட்ரேட் இல்லை.

ஸ்பைக் நட்ட பிறகு சொல்ல வேண்டிய செய்தி ஒன்று தனியாக உண்டு. செயலிழக்கச் செய்ய 7 வினாடி ஆகும் என்றாலும், பாதியான 3.5 வினாடியைத் தாண்டிவிட்டால் அந்தப் பாதி அப்படியே நிற்கும். மறுமுறை மீதிப் பாதியைச் செய்தால் போதும். ஆகவே "பாதி எடுத்தாச்சு" என்ற இரண்டு சொற்கள் காக்கும் அணியின் கடைசி ஆளுக்கு எத்தனை வினாடி மிச்சம் என்ற கணக்கையே மாற்றிவிடும். முழுதாக எடுக்க வேண்டியிருந்தால், நட்டு 38 வினாடி ஆன பிறகு தொட்டுப் பயனில்லை. பாதி எடுத்திருந்தால் 41 வரை நேரம் இருக்கிறது.

எப்போது வாயை மூடுவது

வாலரண்டில் விழுந்தவர்களும் உயிரோடிருக்கும் கூட்டாளிகளுடன் பேச முடியும். இந்த வசதியே பெரும் தொல்லையாகவும் இருக்கிறது. ஒருவர் மட்டும் மிஞ்சி, மூவரை எதிர்த்து நிற்கும் கிளட்ச் நேரத்தில், விழுந்த நால்வரும் ஆளுக்கொரு யோசனை சொன்னால் அவர் எதையும் கேட்க முடியாது. இங்கே விதி எளிது. விழுந்த இரண்டு வினாடிக்குள் உங்களிடம் உள்ள செய்தியைச் சொல்லிவிட்டு விசையை விடுங்கள். அதன் பிறகு பேச வேண்டியது அவர் கேட்டால் மட்டுமே. ஸ்பைக் நட்ட பின் திரையின் மேலே ஓடும் கடிகாரம் மறைந்துவிடுவதால், ஒருவர் மட்டும் அவ்வப்போது நேரத்தைச் சொல்வது உதவும். அதையும் மிஞ்சியிருப்பவர் விரும்பினால்தான் செய்ய வேண்டும்.

"அங்க ஏன் போன?" என்ற கேள்விக்கு ரவுண்டின் நடுவில் இடமே இல்லை. விழுந்தவருக்கு அது ஏற்கெனவே தெரியும். சொல்லியே தீர வேண்டுமென்றால், அடுத்த ரவுண்டுக்கு முன் துப்பாக்கி வாங்கும் 30 வினாடியில், "அடுத்த முறை நான் ஸ்மோக் (பார்வையை மறைக்கும் புகை) போட்ட பிறகு போங்க" என்று செய்ய வேண்டியதாக மாற்றிச் சொல்லுங்கள்.

வாங்கும் நேரத்தில் பேச வேண்டியவை

அந்த 30 வினாடிதான் குழுவாக ஆடுவதற்கான நேரம். முதலில் பணம். தோற்ற ரவுண்டுக்கு 1900 கிரெடிட், தொடர்ந்து தோற்றால் 2400, பிறகு 2900 என்று கிடைக்கும், வென்றால் 3000. வேண்டலோ ஃபேன்டமோ 2900, முழுக் கவசம் 1000, ஆக ஒருவர் முழுதாக ஆயத்தமாக 3900 வேண்டும். ஐவரில் இருவர் முழுதாக வாங்கி, மூவர் கைத்துப்பாக்கியோடு நின்றால் இந்த ரவுண்டும் போகும், அடுத்ததும் போகும். எனவே "இந்த ரவுண்டு சேவ், அடுத்தது எல்லாரும் வாங்கலாம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட வேண்டும். பணம் மிகுந்தவர் மற்றவருக்கு வாங்கித் தரலாம். வாங்கும் பட்டியலிலேயே கேட்பதற்கான வழி இருக்கிறது.

அடுத்தது திட்டம். புதியவர் பெரிய தந்திரம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. "ஏ போகலாம், ஓமன் ஹெவனுக்கு ஸ்மோக் போடுங்க, சோவா அம்பு விட்டதும் உள்ள போகலாம்" என்று ஏஜென்ட் பெயரைச் சொல்லி வேலையைப் பிரித்துக்கொடுக்கும் அளவே போதுமானது. ஐவரும் சேர்ந்து செய்யும் சுமாரான திட்டம், ஐவரும் தனித்தனியே செய்யும் ஐந்து நல்ல திட்டங்களை வெல்லும். ஒருவர் ஏற்கெனவே திட்டம் சொல்லிக்கொண்டிருந்தால், உங்களுடையது அதைவிடச் சிறந்ததென்று தோன்றினாலும் அந்த ரவுண்டுக்கு அவர் சொன்னபடியே செய்யுங்கள். யாரும் பேசாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். பெரும்பாலும் மற்ற நால்வரும் யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.

மொழி

மும்பை சர்வரில் ஆடும் தமிழர்கள் பலருக்கு, பேசத் தயங்க மொழியே முதற்காரணம். அணியில் இருவர் இந்தியில் விறுவிறுவென்று பேசுவார்கள், இன்னொருவர் ஆங்கிலம், நாம் அமைதி. உண்மையில் இங்கே தேவைப்படும் மொழி மிகச் சிறியது. இடப்பெயர்கள், ஏஜென்ட் பெயர்கள், ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிக்கை, அடியின் அளவு, இவற்றோடு ரஷ், ரொட்டேட், சேவ், ஹெல்ப் போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்கள், அவ்வளவுதான். இவை எல்லா மொழிக்காரர்களுக்கும் பொது. "ஹெவன், ஒன், ஜெட், எய்ட்டி" என்பதில் இலக்கணம் தவற இடமே இல்லை. 2022 மே மாதம் ஆன்ட்வெர்ப்பில் நடந்த கவுன்டர் ஸ்டிரைக் மேஜர் போட்டியை வென்ற ஃபேஸ் கிளான் அணியில், டென்மார்க், நார்வே, லாட்வியா, எஸ்டோனியா, கனடா என்று ஐந்து நாட்டவர் ஆடினார்கள். ஐவரும் தமிழராக இருந்தால் தமிழிலேயே பேசுங்கள். ஒருவருக்கேனும் புரியாது என்றால், செய்தியை மட்டுமாவது பொதுச் சொற்களில் சொல்லுங்கள்.

குரலில் பேச விரும்பாதவர்களும் முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு பிங் இருக்கிறது. இசட் விசையைத் தட்டினால் பார்த்த இடத்தில் குறி விழும், அழுத்திப் பிடித்தால் உதவி, எச்சரிக்கை போன்ற செய்திகளின் வட்டம் திறக்கும். 2019 பிப்ரவரியில் வெளிவந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஒரு சொல்லும் பேசாமலே குழுவாக ஆட முடியும் என்பதைத் தன் பிங் முறையால் காட்டியது. பேசுபவர்களும் பிங்கைச் சேர்த்துப் பயன்படுத்தினால் இடப்பெயர் மறந்துபோகும் நேரத்தில் கைகொடுக்கும்.

தொல்லை தருபவர்கள்

வசைபாடுபவர்கள் இருப்பார்கள், பெண் குரல் கேட்டால் மட்டும் வாலாட்டுபவர்களும் இருப்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரைத் தேடி, அவர் குரல் உங்களுக்குக் கேட்காதபடி மியூட் செய்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் புகார் அளியுங்கள். ஒருவரை மியூட் செய்வதால் அவர் தரும் செய்தியும் போய்விடுமே என்று தயங்குபவர்கள் உண்டு. திட்டிக்கொண்டே இருப்பவரிடமிருந்து பயனுள்ள செய்தி வந்து நான் பார்த்ததில்லை. பள்ளி, ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை யார் எவ்வளவு நட்பாகக் கேட்டாலும் குரலில் சொல்லாதீர்கள், குறிப்பாகச் சிறுவர்கள்.

முதல் பத்து ஆட்டங்கள்

எல்லாவற்றையும் முதல் நாளே செய்ய முயன்றால் குறியும் தவறும், பேச்சும் குழறும். முதல் மூன்று ஆட்டங்களில், விழுந்த பிறகு மட்டும் பேசுங்கள்: இடம், ஆள், அடி. அப்போது கை வேலை எதுவும் இல்லாததால் பதற்றம் இருக்காது. அடுத்த மூன்றில், உயிரோடிருக்கும்போது பார்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏழாவது ஆட்டத்திலிருந்து, செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லத் தொடங்கலாம். பத்தாவது ஆட்டத்தை உங்கள் குரலோடு சேர்த்துத் திரைப்பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். நீங்கள் பேசிய ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இதைக் கேட்ட கூட்டாளி உடனே எதையாவது மாற்றிச் செய்திருக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். என் முதல் பதிவில் அப்படித் தேறியவை நான்கு. மீதியெல்லாம் "ஐயோ"தான்.